பள்ளி வீடான கதையும் வீடு பள்ளியான கதையும்

தமிழில் சில சொற்கள் தம்முள் ஒரு சமுதாயத்தின் நெடிய வரலாற்றை அடக்கி வைத்திருக்கின்றன. ‘பள்ளி’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. இன்று அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கரும்பலகையும் மணியோசையும் சிறுவர் கூட்டமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், அச்சொல்லின் பழம்பொருள் அதுவன்று. படுக்கும் இடம், துயிலும் இடம், தங்கும் இடம் என்பனவே அதன் முதற்பொருள்கள். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது.

தங்குமிடத்தைக் குறித்த சொல் கற்குமிடத்தைக் குறிக்கும் சொல்லாக எவ்வாறு மாறியது? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர் சமணத் துறவியரின் கற்படுக்கைகளுக்கு அருகே சென்று நிற்பர். துறவியர் உறைந்த இடம் பள்ளி. அவர்களிடம் ஊர்ப்பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் அறமும் கற்ற இடமும் அதுவே. ஆகவே கல்விக்கூடமே பள்ளி எனப் பெயர் பெற்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. ‘பள்ளிக்கூடம்’ என்னும் தொடர் இவ்வரலாற்றின் எச்சம். பௌத்தத் துறவியர் உறைவிடத்திற்கும் இப்பெயர் வழங்கியது. இசுலாமியரின் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்பதும், கேரளத்தில் கிறித்தவக் கோயிலைப் பள்ளி என்பதும் இச்சொல்லின் விரிவைக் காட்டும்.

உறைவிடம் கல்விக்கூடமாயிற்று, பின்னொரு காலத்தில் கல்விக்கூடம் மீண்டும் உறைவிடமாயிற்று. இவ்விரு மாற்றங்களையும் ஒருங்கே காண்பதற்குக் காஞ்சி மாநகரைப் போன்ற இடம் வேறில்லை.

கல்லில் அமைந்த முதற்பள்ளி

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலைக்குகையில் தமிழி எழுத்துகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.மு. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் முடிவு. நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய வேந்தனின் பெயர் அவற்றில் வருகிறது. கணி நந்தன் என்னும் துறவிக்காக அவ்விடம் அமைக்கப்பட்ட செய்தியைக் கூறும்போது அக்கல்வெட்டு அதனைப் ‘பளி’ என்றே குறிக்கிறது. தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளிலேயே பள்ளி என்னும் சொல் இடம் பெற்றுவிட்டது.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்திலும் வழவழப்பாக்கப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் சற்றே உயர்ந்திருக்கும் அப்படுக்கைகள் ஒருவர் படுக்கும் அளவே உடையன. பொருள் எதனையும் தமக்கென வைத்துக்கொள்ளாத துறவிக்கு ஊரார் அளிக்கக்கூடிய வீடு அவ்வளவே. மழைக்காலம் நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்கியிருத்தல் சமணத் துறவியர்க்கு விதி. நடக்கும் வழியில் சிற்றுயிர்கள் மிதிபட்டு மடியலாகாது என்பதே அதன் நோக்கம். அந்நான்கு திங்களும் ஊரார்க்கு வாய்த்த கல்விக்காலம் ஆயின.

சமண அறநூல்கள் உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்னும் நான்கையும் தானங்களாகப் போற்றுகின்றன. ஆகாரதானம், ஔடததானம், அபயதானம், சாத்திரதானம் எனப்படும் இவற்றுள் முதல் மூன்றும் உடலைக் காப்பவை. நான்காவது உயிரைக் காப்பது. இல்லறத்தார் துறவியர்க்கு உணவளித்தனர். துறவியர் அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தனர். பள்ளி என்னும் நிலையம் இக்கொடுக்கல் வாங்கலின் மேல் எழுந்ததே.

பருத்திக்குன்றத்துப் பள்ளி

காஞ்சியின் ஒரு பகுதி சிவகாஞ்சி. ஒரு பகுதி விட்டுணுகாஞ்சி. வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம் சினகாஞ்சி எனப் பெயர் பெற்றது. நெசவால் புகழ்பெற்ற நகரின் அருகே பருத்தியின் பெயர் தாங்கிய ஊர் சமணர்க்கு உறைவிடமாயிருந்தது எண்ணி மகிழத்தக்கது.

திருத்துறைப்பூண்டி வட்டத்துப் பள்ளன்கோயிலில் கிடைத்த பல்லவர் செப்பேடு இவ்வூரின் தொன்மைக்குச் சான்று. சிம்மவர்மனின் 6 ஆம் ஆட்சியாண்டில் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதை அது கூறுகிறது. இது கி.பி. 6 ஆம் நூற்றாண்டுச் செய்தி. ‘குரவர்’ என்னும் சொல்லை நோக்குதல் வேண்டும். கொடை பெற்றவர் ஆசிரியர். ‘பள்ளிச்சந்தம்’ என்பது பள்ளிக்கு விடப்பட்ட இறையிலி நிலம். ஓர் ஆசிரியரின் பள்ளி தொடர்ந்து நடைபெறுவதற்கு ஓர் ஊரின் வருவாயே ஒதுக்கப்பட்டது.

கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கு நூறளவிலான பௌத்த விகாரங்களும் எண்பதளவிலான பிற கோயில்களும் இருந்தன என்றும், பின்னவற்றுள் திகம்பரர்க்கு உரியவை மிகுதி என்றும் எழுதினார். வைதிகக் கல்விக்கும் காஞ்சி பேரிடமாயிருந்தது. கதம்ப அரசைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மருடன் காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்த செய்தியைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறும். பல சமயத்தாரும் தத்தம் கல்விக்கூடங்களை அமைத்து ஒருவரோடொருவர் வாதிட்டு வளர்ந்த நகரம் அது.

காஞ்சியைச் சூழ்ந்த நாட்டிலும் இம்மரபு பரவியிருந்தது. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த ஒரு கல்லூரியையும் மாணவர் விடுதியையும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் குறிப்பிடுகிறது. மாணவர் உறங்கும் பாய்க்கும், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும், இரவில் எரியும் விளக்குக்கும் அதில் செலவு ஒதுக்கப்பட்டுள்ளது. கற்கும் இடமும் உறங்கும் இடமும் வேறல்ல என்னும் பழங்கருத்து அங்கும் நிலைத்திருந்தது.

பெண்டிர் கற்பித்த பள்ளி

வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடால் என்னும் ஊரின் கல்வெட்டு தனிச்சிறப்புடையது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் அங்குக் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் குணகீர்த்தி பட்டாரரின் மாணவியார். அவர்க்கு 500 பிள்ளைகள் இருந்தனர் என்று கல்வெட்டு கூறுகிறது. அப்பள்ளியில் ஒரு பிணக்கு எழுந்தபோது, குரத்தியாரையும் அவர்தம் பிள்ளைகளையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர்.

குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. தென்கோடியில் கழுகுமலையிலும் ஆண் ஆசிரியரோடு குரத்தியர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழகத்தில் பெண்ணொருத்தி ஐந்நூற்றுவர்க்குத் தலைமை ஆசிரியராய் விளங்கினார் என்பது பாடநூல்களில் இடம் பெறவேண்டிய செய்தியன்றோ?

முனிவாசம்

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் முனிவாசம் என்னும் பகுதி உள்ளது. முனிவர் வாழுமிடம் என்பதே அதன் பொருள். கோயிலின் சங்கீத மண்டபம், விசயநகரப் பேரரசின் தண்டநாயகரான இருகப்பரால் 1387-88 இல், அவருடைய ஆசிரியர் புட்பசேனரின் ஏவலால் கட்டப்பெற்றது. இருகப்பர் படைத்தலைவர் மட்டுமல்லர். ‘நாநார்த்தரத்னமாலா’ என்னும் வடமொழிச் சொற்பொருள் நூலை இயற்றிய புலவரும் ஆவார். ஆசிரியரின் சொல்லுக்கு மாணவர் ஆற்றிய கடனாகவே அம்மண்டபம் எழுந்தது.

இவ்வூரில் வாழ்ந்த மல்லிசேன வாமன முனிவரே ‘மேருமந்தர புராணம்’ பாடியவர் என்றும், ‘நீலகேசி’க்குச் ‘சமயதிவாகரம்’ என்னும் உரை வகுத்தவர் என்றும் ஆய்வாளர் கொள்வர். முனிவர் தங்கிய சிற்றிடம் ஒரு காவியத்தையும் ஒரு தருக்க நூலின் உரையையும் தமிழுக்குத் தந்தது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936 இல் ‘நீலகேசி’யை உரையுடன் பதிப்பித்தபோது அப்பழங்கல்வி மீண்டும் வெளிச்சம் பெற்றது.

சங்கீத மண்டபத்தின் விதானத்தில் இடபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஓவியங்களின் கீழே விளக்கக் குறிப்புகளும் எழுதப்பட்டுள்ளன. எழுத்தறியாதவர் படத்தைக் கண்டு கதையை உணரலாம். எழுத்தறிந்தவர் குறிப்பைப் படித்து அறியலாம். இவற்றை 1934 இல் தி. நா. இராமச்சந்திரன் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் விரிவாக ஆராய்ந்து எழுதினார். மங்கியும் உதிர்ந்தும் போன பகுதிகள் நீங்கலாக, இன்றும் அவ்விதானம் விரித்து வைத்த பாடநூல் போலவே காட்சி தருகிறது.

பள்ளி வீட்டுக்குள் புகுந்தது

காலம் மாறியது. பள்ளிச்சந்த நிலங்கள் கைமாறின. துறவியரின் தொகை குறைந்தது. சினகாஞ்சியின் பெயர் தாங்கிய மடம் விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் நிலைபெற்றது. பருத்திக்குன்றத்தின் அருணகிரிமேட்டில் முனிவர்களின் நினைவுப் பீடங்கள் மட்டும் எஞ்சின. துறவியர் இல்லாத பள்ளிகள் ஊர்ப்பெயரில் மட்டும் வாழலாயின.

ஆயினும் கல்வி அழியவில்லை. அது வீட்டுக்குள் புகுந்தது. தொண்டை நாட்டுச் சமண இல்லங்களில் ஏட்டுச்சுவடிகள் பூசைக்குரிய பொருளாய்ப் போற்றப்பட்டன. முதியோர் படிக்க, வீட்டாரும் அண்டை அயலாரும் அமர்ந்து கேட்டனர். ‘சீவக சிந்தாமணி’யை இவ்வாறு படித்துப் பொருள் கேட்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சமணரிடையே அறுபடாமல் இருந்தது. கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் அக்காப்பியத்தின் பொருள் விளங்காமல் தடுமாறியபோது, அவ்வூர்ச் சமணரின் இல்லத்தை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் அவர்க்குச் சமய மரபுகளை விளக்கினார். 1887 இல் ‘சீவக சிந்தாமணி’ அச்சேறியது. கல்லூரியில் கிடைக்காத கல்வியை ஓர் இல்லம் பாதுகாத்து வைத்திருந்தது.

அந்த இல்லத்தார் தம்மை ஆசிரியர் என்று கூறிக்கொண்டதில்லை. அவ்வீட்டின் வாயிலில் பெயர்ப்பலகையும் இருந்ததில்லை. ஆயினும் அது பள்ளியே.

திண்ணையில் ஒலித்த சமணர் நூல்கள்

வீடு பள்ளியான கதையின் மற்றொரு பக்கம் திண்ணை. தெருவை நோக்கிய திண்ணையில் ஆசிரியர் அமர்ந்திருப்பார். எதிரே பரப்பிய மணலில் இளஞ்சிறார் விரலால் எழுதுவர். வளர்ந்தவர் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவர். சட்டாம்பிள்ளை இளையோரைப் பயிற்றுவான். அமாவாசையும் பௌர்ணமியும் வாவு எனப்படும் விடுமுறை நாள்கள். ஊதியம் பெரும்பாலும் நெல்லாகவும் தானியமாகவும் வந்து சேரும்.

சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822 இல் மாகாணம் முழுதும் உள்ள கல்வி நிலையங்களைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826 இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 கல்வி நிலையங்கள் இருந்தன. 1,88,650 பேர் கற்றனர். சென்னை நகரில் வீட்டிலேயே கற்றோர் 26,000 பேருக்கு மேல் என்றும், அது பள்ளியில் கற்றோரைப் போல் பல மடங்கு என்றும் அக்குறிப்பு கூறுகிறது. இதற்கு முன்னரே, எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பாளரான ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிப்பதையும் கண்டு அம்முறையை மேற்கொண்டார். 1797 இல் அவர் வெளியிட்ட நூலால் அது ‘சென்னை முறை’ என இங்கிலாந்தில் பரவியது.

அத்திண்ணைகளில் கற்பிக்கப்பட்ட நூல்கள் எவை? சொற்பொருள் அறிய மண்டல புருடர் இயற்றிய ‘சூடாமணி நிகண்டு’. இலக்கணம் அறியப் பவணந்தி முனிவரின் ‘நன்னூல்’. செய்யுளிலக்கணம் அறிய அமிதசாகரரின் ‘யாப்பருங்கலக்காரிகை’. அறம் அறிய ‘நாலடியார்’. இவை சமணர் தந்த செல்வங்கள். சைவரும் வைணவரும் பிறரும் வேறுபாடு கருதாது இவற்றைக் கற்றனர். பள்ளி மறைந்தது, பள்ளியின் நூல்கள் பிறர் வீட்டுத் திண்ணையில் வாழ்ந்தன.

‘நன்னூல்’ தன் பாயிரத்தில் ஆசிரியரின் தகுதியையும், மாணவரின் வகைகளையும், கற்பிக்கும் முறையையும், கேட்கும் முறையையும் வகுத்துக் கூறிய பின்னரே எழுத்திலக்கணத்தைத் தொடங்குகிறது. கட்டடத்தைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. குணவீர பண்டிதர் தாம் இயற்றிய பாட்டியல் நூலுக்குத் தம் ஆசிரியர் வச்சணந்தியின் பெயரால் ‘வச்சணந்திமாலை’ என்று பெயர் சூட்டினார். இவர் பல்லவர் செப்பேட்டு வச்சிரநந்தியினும் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். எனினும், ஆசிரியரின் பெயரை நூலில் வைத்துக் காத்த அந்நன்றியுணர்வு பள்ளி மரபின் சாரம்.

தறியும் பலகையும்

காஞ்சியின் நெசவாளர் வீடும் ஒருவகையில் பள்ளியே. வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி. தெருவில் நீட்டிய பாவு. தந்தையிடமிருந்து மகன் கற்கும் தொழில். உடலையும் கரையையும் வேறு நிறங்களில் இணைக்கும் கோர்வை நெசவுக்குத் தறியின் ஒரு பக்கத்தில் துணையாள் ஒருவர் வேண்டும். அத்துணையாளாகப் பல தலைமுறைகளாகச் சிறுவர்களே அமர்ந்தனர்.

இங்கு வரலாறு ஒரு கசப்பான உண்மையையும் பதிவு செய்தாக வேண்டும். தறிக்கூடம் தொழிலைக் கற்பித்தது. ஆனால் எழுத்தைப் பறித்தது. கடன்பட்ட குடும்பங்களின் சிறுவர் பிறர் தறியில் அமர்ந்து இளமையைக் கழித்தனர். 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், அரசும் தொண்டர்களும் எடுத்த முயற்சிகளும் அச்சிறுவரைப் பலகையின் முன் அமரச் செய்தன. வீடு பள்ளியாவது நன்று. ஆனால் வீடே பள்ளிக்குத் தடையாவது நன்றன்று. இவ்வேறுபாட்டைக் காஞ்சி தன் தெருக்களிலேயே கண்டது.

நெசவாளர் குடியில் 1909 இல் பிறந்து, காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியில் பயின்று, தமிழ்நாட்டின் முதலமைச்சரானவர் பேரறிஞர் அண்ணா. அவர் வாழ்ந்த காஞ்சி இல்லம் இன்று நினைவு இல்லமாகி, வருவோர்க்கு வரலாறு கற்பிக்கிறது. அங்கும் ஒரு வீடு பள்ளியாயிற்று.

மீண்டும் வீடான பள்ளி

1854 ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பின் அரசு உதவித்தொகை பெறும் பள்ளிகள் பெருகின. பாடத்திட்டமும் ஆய்வாளரும் தேர்வும் வந்தன. கட்டடத்திற்கு அளவும் விதிக்கப்பட்டது. திண்ணைப் பள்ளிகள் சில அவ்விதிகளுக்கேற்ப உருமாறின. பல மெல்ல மறைந்தன. ஆசிரியர் மறைந்ததும் மணல் அள்ளப்பட்டது. திண்ணை மீண்டும் வெறுந்திண்ணை ஆயிற்று. பிறகு அதுவும் சுவரெழுப்பி அடைக்கப்பட்டு அறையாகவோ கடையாகவோ மாறியது. காஞ்சியின் பழந்தெருக்களில் இம்மாற்றத்தை எவரும் காணலாம்.

பள்ளி வீடாவது குற்றமன்று. மனிதர்க்கு உறைவிடம் வேண்டும். பழங்கட்டடம் இடிந்து புதர் மண்டுவதினும், ஒரு குடும்பம் அதனுள் விளக்கேற்றி வாழ்வது மேல். சொல்லின் வரலாறும் அதற்கு இடந்தருகிறது. பள்ளி தொடக்கத்தில் உறைவிடமே அன்றோ? ஆனால், அங்கு ஒரு காலத்தில் கல்வி நடந்தது என்னும் நினைவும் சேர்ந்து அழியுமானால் அதுவே பேரிழப்பு. மாங்குளத்துக் கல்லில் ஒரு சொல் பொறிக்கப்படாதிருந்தால், கணி நந்தனின் பள்ளி பெயரற்ற குகையாகவே இருந்திருக்கும். வேடாலில் ஊரார் தம் பொறுப்பைக் கல்லில் எழுதாதிருந்தால், கனகவீரக் குரத்தியாரை இன்று அறிவார் இரார்.

ஆகவே, ஒவ்வோர் ஊரிலும் செய்யத்தக்க பணிகள் சில உள்ளன. எந்தத் தெருவில் எந்தத் திண்ணையில் பள்ளி நடந்தது, கற்பித்தவர் யார், கற்பித்த நூல் எது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பரணில் கிடக்கும் ஏட்டுச்சுவடிகளையும் பழைய பாடநூல்களையும் எடுத்துத் தூசி தட்டிப் படமெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். வீடாகிவிட்ட பழம்பள்ளியின் வாயிலில், உரியவரின் இசைவோடு, இங்குப் பள்ளி இருந்தது என்று ஒரு சிறு கல்லேனும் பதித்தல் வேண்டும். திருப்பருத்திக்குன்றத்திற்கு வழிபடச் செல்லும் பெற்றோர் தம் பிள்ளைகளை விதான ஓவியங்களின் கீழ் நிறுத்தி ஒரு கதையையேனும் சொல்லுதல் வேண்டும்.

நான்கு தானங்களுள் சாத்திரதானம் ஒன்றே கொடுப்பவரிடத்துக் குறையாதது. அதனைச் செய்வதற்குப் பெருங்கூடம் தேவையில்லை. ஒருவர் படுக்கும் அளவேயுடைய கற்படுக்கையில் அது தொடங்கியது. மணல் பரப்பிய திண்ணையில் வளர்ந்தது. விளக்கு வைத்த பின் ஒரு நூலைப் பிரித்து முதியவர் படிக்கச் சிறுவர் கேட்கும் வீடு எதுவோ, அதுவே இன்றைய பள்ளி.